தண்ணீர் கலந்தவன்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் போனில் நீ மூன்று தரம் "ஓம் அப்பா" என்று சொன்னாய். ஒரு தரம் சொன்னால் அந்த வேலையைச் செய்துவிட்டாய் என்று அர்த்தம். இரண்டு தரம் சொன்னால் செய்ய யோசித்திருக்கிறாய். மூன்று தரம் சொன்னால், போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முட்டை பொரிக்கிறாய். எண்ணெய் பொரிகிற சத்தம் எனக்கு இங்கே ஸ்காபரோவில் கேட்டது. நீ இருக்கிற டிம்மின்ஸ் வடக்கே எட்டு மணித்தியால ஓட்டம் என்றாலும் என்னுடைய காது இன்னும் அவ்வளவு மோசமாகவில்லை.

நான் கேட்டது சின்னக் கேள்விதான். காரின் மூக்கில் தொங்குகிற வயரைக் கரண்டில் சொருகினாயா என்று. தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலைச் சொருகுகிற மாதிரிக் காரைச் சொருகவேண்டிய ஊருக்கு என் பிள்ளை வேலைக்குப் போவான் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் போய்விட்டாய். அங்கே ஆசுப்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிறாய். அங்கத்தைய குளிருக்கு எஞ்சினைச் சூடாக வைத்திருக்க அந்த புளொக் ஹீற்றர் கட்டாயம் வேண்டும். உன் வாடகை வீட்டுக்கு வெளியே பிளக் இல்லை என்றாய். பக்கத்து வீட்டுக் கிழவர் தானாகவே வந்து, தன் வீட்டுச் சுவரிலிருந்து நீள வயர் ஒன்று இழுத்துத் தருகிறேன் என்றாராம். நீ வேண்டாம் என்றுவிட்டாய். "அந்த ஆள் ஏனப்பா சும்மா கரண்ட் தரவேணும்? பின்னால ஏதோ கேக்கப்போறார்" என்றாய். அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அது உன்னுடைய குரல் இல்லை, தம்பி. அச்சொட்டாக என்னுடைய குரல்.

அதனால்தான் இந்தக் கடிதம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை உன் அம்மா திருத்தியிருக்கிறாள். வேறு எதையாவது திருத்தியிருக்கிறாளோ என்று நான் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்கினது இன்றைக்காவது பயன்படட்டும். விளங்காத இடத்தை போனிடம் கொடுத்து மொழிபெயர்க்காதே. போன் என்ன சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

நான் சந்தேகக்காரன் என்பது உனக்குப் புதினம் இல்லை. தேநீருக்குச் சீனி போட்டாயிற்று என்று அம்மா சொன்னாலும் கலக்கிக் குடித்துப் பார்த்துத்தான் நம்புவேன். தேங்காயைக் குலுக்குகிற பழக்கத்தில் முட்டைப் பெட்டியைக் குலுக்கிக் கடைக்காரனிடம் பேச்சு வாங்கினேன். தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண்பிள்ளை கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் பனி வழிக்கிற சவளைத் தேடி எடுத்து வாசலில் வைப்பேன். நீ முதன்முதல் நடந்தபோதுகூட, பின்னால் அம்மா சட்டையில் பிடித்திருக்கிறாளோ என்று குனிந்து பார்த்தவன் நான். இதையெல்லாம் நீ உன் சிநேகிதர்களுக்குச் சொல்லிச் சிரிப்பாய், எனக்கும் அதில் ஒரு பெருமைதான். ஆனால் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. பதினெட்டு வருடமாக ஒரு கதையை உனக்குப் பிழையாகச் சொல்லி வளர்த்துவிட்டேன். ஞானம் அங்கிள் ஒரு கள்ளன் என்ற கதை.

அப்போது ஞானத்துக்கு மில்லிக்கனில், ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில், இரண்டு வாகனம் நிறுத்துகிற அளவில் ஒரு கராஜ் இருந்தது. எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் பாதிப் பேருக்கு அவன்தான் மெக்கானிக். எங்களுடைய நீல நிற வான் வண்டியில் தண்ணீர் ஓடுகிற ரப்பர் குழாய் ஒன்று வெடித்து, இலையுதிர் காலத்தில் அவனிடம் கொண்டுபோனேன். குழாயை மாற்றினான். பிறகு என் கண்ணுக்கு முன்னாலேயே, எஞ்சினுக்குள் ஓடுகிற தண்ணீர் உறையாமல் இருக்க விடுகிற மருந்தை, அந்தப் பச்சை அன்ரிஃபிரீஸை, ஒரு வாளிக்குள் ஊற்றினான், அதே அளவு தண்ணீரையும் அதற்குள் விட்டான், ஒரு தடியால் கலக்கினான். நாங்கள் வந்த இடத்தில் கலப்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பாலில் தண்ணீர், சாராயத்தில் தண்ணீர், யுத்த காலத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலின் அடியில் தண்ணீர். வாங்குகிறவனின் நன்மைக்காகத் தண்ணீர் கலந்தவன் ஒருவனை நான் அதுவரை சந்தித்ததில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஞானம் தானாகவே விளக்கம் சொன்னான். பாதிக்குப் பாதி கலந்தால்தான் உறையாது என்றான். கேளாமலே விளக்கம் சொல்கிறவனை நான் இரட்டிப்பாகச் சந்தேகிப்பேன்.

அடுத்த சனிக்கிழமை வானுக்குக் கீழே படுத்து, ரேடியேற்றரின் அடி மூடியைத் திறந்து, குழாயையும் கழற்றி, அவன் ஊற்றினதை ஒரு சொட்டு மிஞ்சாமல் வடித்தேன். கடைக்குப் போய், கலக்காதது எது என்று விரல் நீட்டிக் கேட்டு இரண்டு கலன் வாங்கினேன். கலனின் முதுகில் ஒரு பந்தி நிறைய ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் கடைப் பெயர்ப் பலகையோடு முடிந்துவிடும். வாசிக்கத் தெரிந்த அம்மா வீட்டுக்குள்தான் இருந்தாள். வாசித்துவிட்டு ஞானத்தின் பக்கம் கதைத்துவிடுவாளோ என்ற பயத்தில் அவளைக் கூப்பிடவில்லை. முழுக்கச் சுத்தமான அன்ரிஃபிரீஸை ஊற்றி மூடினேன். இனி எந்தக் குளிர் வந்தாலும் வரட்டும் என்று கையைத் துடைத்தேன்.

வந்தது. சின்னம்மாவின் கல்யாணத்துக்கு மொன்றியலுக்கு வெளிக்கிட்ட காலை, வெளியே மைனஸ் இருபத்தெட்டு. உனக்கு எட்டு வயது. வான் பிடித்துப் புறப்பட்டது, ஆனால் ஹீற்றரிலிருந்து குளிர் காற்றுத்தான் வந்தது. 401 பெருந்தெருவில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் சூட்டைக் காட்டுகிற முள் மேலே போகத் தொடங்கியது. வெளியே உலகமே உறைந்துபோய்க் கிடக்கிறது, எஞ்சின் கொதிக்கிறதாம். எந்த மடையன் நம்புவான்? முள் பொய் சொல்கிறது என்று முடிவெடுத்து, கண்ணாடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மிதித்தேன். பவ்மன்வில் தாண்டும்போது பொனெற்றுக்குள்ளிருந்து புகை கிளம்பியது, ஒரு இடிச்சத்தம் கேட்டது, பிறகு எந்தச் சத்தமும் இல்லை. இழுவை வண்டி வரும்வரை அம்மா சூட்கேசைத் திறந்து, கல்யாணத்துக்கு உடுக்க வைத்திருந்த தன் கூறைச்சேலையை எடுத்து உன்னைச் சுற்றினாள். சரிகை குத்துகிறது என்று நீ அழுதாய். சின்னம்மாவின் கல்யாணப் படம் ஒன்றில்கூட நாங்கள் இல்லை.

நான் வானை வேறு எங்கேயும் கொண்டுபோகவில்லை. நேராக ஞானத்தின் கராஜ் வாசலில் இறக்கச் சொன்னேன். சனிக்கிழமை, உள்ளே ஆறேழு பேர் காத்திருந்தார்கள், எல்லாம் தெரிந்த முகங்கள். அம்மாவும் நீயும் எனக்குப் பின்னால் நின்றீர்கள். தண்ணீர் கலந்து என் பிள்ளையைக் குளிரில் சாகடிக்கப் பார்த்தான் என்று அவ்வளவு பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். ஞானம் வானுக்குப் பக்கத்தில் வந்தான். ரேடியேற்றர் மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை விரலால் தொட்டான், இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உரசினான். என்னைப் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான். மூடியைத் திரும்பப் பூட்டினான்.

"சரி அண்ணை. என்ரை பிழை எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ" என்றான்.

பார்த்தீர்களா, அவனே ஒப்புக்கொள்கிறான் என்று நான் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு வசனத்தை எத்தனை இடத்துக்குக் காவிக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில், மீன் கடையில், யாருடையவோ செத்த வீட்டில். ஞானத்திடம் போகாதே, தண்ணீர் கலப்பான். நான் கதைத்தால் பகிடியாக இருக்கும் என்று ஆட்கள் கேட்பார்கள். கேட்டதை வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். இரண்டாவது குளிர்காலம் முடிய முன்பே கராஜ் பூட்டிவிட்டது. உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது பிளாசாவில் அவனைக் கண்டோம். உனக்கு ஒரு சொக்லேற் நீட்டினான். நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம், நீங்கள் தண்ணி கலக்கிறனீங்கள்" என்றாய். அவன் சொக்லேற்றைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தான். நான் உன் தலையைத் தடவினேன். கெட்டிக்காரன் என்று.

இப்போது போன குளிர்காலத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியும், பள்ளிக்கூடம் போகாதவன் ஸ்கூல் பஸ் ஓட்டி ஒரு நாளைக்கு இரண்டு தரம் பள்ளிக்கூடம் போகிறேன். சாரதிகளுக்குக் குளிர்கால வகுப்பு ஒன்று வைத்தார்கள். வகுப்பெடுத்த மனிதர் முதல் நாள் மூன்று போத்தலை முற்றத்தில் பனிக்குள் வைத்துவிட்டுப் போனார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சுத்தமான அன்ரிஃபிரீஸ், மற்றதில் இரண்டும் பாதிக்குப் பாதி. அடுத்த நாள் காலை எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தண்ணீர் கல்லாகிவிட்டது. சுத்தமான அன்ரிஃபிரீஸ் கூழ் மாதிரி இறுகி, சரித்தாலும் அசையவில்லை. கலந்தது மட்டும் சளக் சளக் என்று ஓடியது. தண்ணீரும் தனியே உறையுமாம், மருந்தும் தனியே உறையுமாம், சேர்ந்தால்தான் ஒன்றை ஒன்று உறைய விடாதாம். ரேடியேற்றருக்குள் கூழாகிவிட்டால் சுற்றி ஓட ஏலாது. ஓடாவிட்டால் மைனஸ் இருபத்தெட்டிலும் எஞ்சின் கொதிக்கும் என்றார். மற்றச் சாரதிகள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த முள் ஞாபகம் வந்தது. நான் பஸ்ஸுக்குள் ஏறி, கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ஆனாலும் நான் நான்தானே. அந்த மனிதர் போத்தலை மாற்றி வைத்திருந்தால்? அம்மாவின் ஊறுகாய்ப் போத்தல் மூன்றை எடுத்து, அதே மூன்றையும் ஊற்றி, பின் முற்றத்தில் வைத்தேன். காலையில் அதே முடிவு. போத்தல்களை இடம் மாற்றி இன்னும் இரண்டு தரம் வைத்தேன். அதே முடிவு. நாலாவது தரம் வைக்கப் போனபோது அம்மா பிடித்துவிட்டாள். அது நஞ்சு, இனித்துக் கிடக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும், நீங்கள் ஊறுகாய்ப் போத்தலுக்குள் விட்டு விளையாடுகிறீர்களோ என்று மூன்றையும் கட்டி எறியக் கொடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "அண்டைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தா வாசிச்சுச் சொல்லியிருப்பனே" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடனே ஞானத்திடம் ஓடினேன் என்று நினைக்காதே. ஒன்பது மாதம் எடுத்தது. அவன் மோர்னிங்சைட்டில் வேறு ஒருவனுடைய கராஜில் சம்பளத்துக்கு நிற்கிறான் என்று தெரிந்தும், அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றி ஓடினேன். நீ டிம்மின்ஸ் போகிறாய் என்று ஆன பிறகுதான், ஓயில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உன்னிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு உன் காரை அவனிடம் கொண்டுபோனேன். உன் உயிர் போய்வருகிற காரை அவனைத் தவிர வேறு யாரிடமும் திறக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் ஒரு காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்கோ அண்ணை," என்றான். "எதுக்குத் தண்ணி கலக்கவேணும்?"

பதினெட்டு வருடமாக வைத்திருந்த பகிடி போல. மகன் டிம்மின்ஸ் போகிறான் என்று மட்டும் சொன்னேன். அவன் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தான். பழையதை வடித்தான். அந்தக் குளிருக்குப் பாதிக்குப் பாதி காணாது என்று, மருந்து அறுபது தண்ணீர் நாற்பது என்று அளந்தான், அதற்கு மேலே போனால் திரும்பக் கூழ்தான் என்றான். எல்லாவற்றையும் என் பக்கம் திருப்பி வைத்து, நான் பார்க்கிற மாதிரி மெதுவாகச் செய்தான். அது எனக்கு அடித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் மூன்று போத்தல் கதையைச் சொன்னேன்.

"மூண்டு தரமும் வைச்சுப் பாத்தனீங்களோ?" என்றான்.

"நாலாந்தரம் மனுசி விடேல்லை. ஞானம், அண்டைக்குச் சுத்தமாய் ஊத்தினது நான்தான்."

"தெரியும் அண்ணை. விரலால தொட்டவுடனையே தெரியும்."

"பிறகேன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பியளோ?" துணியில் கையைத் துடைத்தான். "அதோடை, பெடியன் உங்கடை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு பின்னால நிண்டவன். அவனுக்கு முன்னால, தகப்பன் ஒரு மடையன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

தம்பி, அன்றைக்கு அவன் எனக்குப் பின்னால் பார்த்தது உன்னைத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இதில் அவனுக்கு என்ன லாபம் என்று தேடிக்கொண்டு வந்தேன். பழக்கதோஷம். வீடு வந்து காரை நிறுத்தியும் ஒன்றும் அகப்படவில்லை.

என் பொய்யைத் திருப்பி எடுக்கலாம் என்று அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, அதே கோப்பி குடிக்கிற இடத்தில் நின்று சொன்னேன். வானைக் கெடுத்தது நான்தான், ஞானம் கலந்ததுதான் சரி என்று. எல்லோரும் பகிடி என்று சிரித்தார்கள். ஒருவன் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "ஏன், ஞானத்தின்ரை மகளை உன்ரை பெடியனுக்குப் பேசப்போறியோ?" என்று கேட்டான். ஞானத்துக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். நான் சொன்ன பொய்யை ஒரு நாளில் நம்பினவர்கள், உண்மையைச் சொன்னால் என்ன காரணம் என்று கேட்கிறார்கள். நான் பழக்கின ஆட்கள்தானே. அதனால் இந்தக் கடிதத்தில் ஒரு பிரதி எடுத்து, பங்குச் சுவாமியாரிடம் கேட்டு, கோயில் மண்டபத்து அறிவித்தல் பலகையில் குத்தப்போகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். இன்னொரு பிரதி ஞானம் வேலை செய்கிற கராஜ் முதலாளிக்கு. உன்னைக் கேட்காமல் உன் கடிதத்தை ஊருக்குக் காட்டுகிறேன் என்று கோபிக்காதே. ஊருக்கு முன்னால் சொன்னதை அறைக்குள் இருந்து திருப்பி எடுக்க ஏலாது.

உன் காருக்குள் முன்சீற்றுக்கு எதிரே இருக்கிற கையுறைப் பெட்டியில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது, மேலே ரப்பர்க் குமிழ். ஞானம் தந்தது. பெடியனிடம் கொடுங்கோ, உங்களிடம் இருந்தால் நாளுக்கு நாலு தரம் திறந்து பார்ப்பீர்கள் என்று சொல்லித் தந்தான். மாதத்துக்கு ஒருக்கால், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது மட்டும், மூடியைத் திறந்து, அந்தக் குமிழை அமத்திவிட்டுக் கொஞ்சம் குழாய்க்குள் உறிஞ்சிப் பார். எந்தக் குளிர்வரை தாங்கும் என்று உள்ளே இருக்கிற முள் காட்டும். அந்த முள்ளை நம்பு. சூடாக இருக்கும்போது மூடியில் கை வைத்தாயோ, உன் கையை நீயே படம் பிடிக்கவேண்டி வரும். நிறத்தைப் பார்த்து ஒன்றையும் முடிவெடுக்காதே. கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீரை அதற்குள் விட்டுவிடாதே. காருக்குக் கீழே நிலத்தில் ஈரம் கண்டால் உடனே துடை, அந்தக் கிழவரிடம் நாய் இருக்கிறது என்றாய். குறைந்தால் உன் பாட்டில் ஊற்றாதே. ஞானத்துக்குப் போன் எடுத்துக் கேள். முதல் தரம் எடுக்கும்போது, பத்து வயதில் நீ வாங்காமல் விட்ட சொக்லேற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல். அதை உனக்குச் சொல்லித் தந்தது நான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் சொல்.

இனி அந்தக் கிழவர். அவர் பின்னால் ஏதாவது கேட்கப்போகிறார் என்று நீ பயப்படுகிறாய். கேட்கட்டுமே. வாசல் பனியை வழிக்கச் சொல்லிக் கேட்டால் வழித்துக் கொடு. ஒன்றும் கேட்காவிட்டால், அதைத் தாங்குவது இன்னும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதையும் தாங்கு. நானும் இந்த வயதில் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் அவருடைய கதவைத் தட்டு.

வயரைச் சொருகினதும் படம் எடுத்து அனுப்பு. காரில் சொருகின நுனியை மட்டும் எடுத்து அனுப்பி என்னை ஏமாற்றலாம் என்று நினைக்காதே, நீ என் பிள்ளை. அவருடைய வீட்டுச் சுவரில் சொருகியிருக்கிற மற்ற நுனியும் படத்தில் தெரியவேண்டும். ஞானத்துக்கும் காட்டவேண்டும், பெடியன் சொருகினானோ என்று அவனும் கேட்டவன்.

இப்படிக்கு,
மடையன்,
உன் அப்பா